சித்தப்பா காத்திருந்த பாட்டு

2016-இல் ‘குற்றமே தண்டனை’ வெளிவந்தபோது அப்பா, அம்மா, சித்தப்பா மூவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். தனியாகப் போயிருக்கலாம். பாராட்ட ஆள் வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

‘காக்கா முட்டை’ எடுத்த மணிகண்டன் படம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு பொடியன்களும் இதிலும் வருவார்கள் என்று அம்மா தானாக முடிவு கட்டிவிட்டாள். சித்தப்பாவுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இசை இளையராஜா என்று தெரிந்ததுமே சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். சொன்னால் ஆட்டோவில் ஏறமாட்டாரே என்று விட்டுவிட்டேன்.

கதை சின்னதுதான். பார்வை ஓரங்களில் சுருங்கிக்கொண்டே வரும் நோய் உள்ள ஒருவன். விதார்த் நடித்திருந்தார். கிரெடிட் கார்டு பாக்கி வசூலிக்கும் வேலை. எதிர் ஜன்னலில் தெரியும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் அவள் செத்துக்கிடப்பாள். கண் சிகிச்சைக்குப் பணம் வேண்டும், தெரிந்ததைச் சொல்லாமலிருந்தால் பணம் கிடைக்கும். வெளிநாட்டுப் படப்பிடிப்பு, கார் துரத்தல் எதுவும் கிடையாது. ஒரு குடியிருப்பு, சில அறைகள், நிறைய மௌனம்.

மௌனம் என்றா சொன்னேன்? திரையில்தான்.

விதார்த் யார் வீட்டிலோ போய் பாக்கி கேட்கும் காட்சி வந்ததும் அம்மா என் தொடையைத் தட்டி, “ஏண்டா, இந்த மாதிரி ஒருத்தன்தானே போன மாசம் உனக்கு நாலு தடவை போன் பண்ணான்?” என்றாள். அம்மாவுக்கு ரகசியக் குரல் கிடையாது. முன்வரிசையில் இரண்டு தலைகள் திரும்பி, படத்தைவிட அக்கறையாக என்னைப் பார்த்தன.

அவன் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று காட்டுகிற இடங்களில் திரை சுற்றிலும் இருண்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். ஒளிப்பதிவும் மணிகண்டனே. நான் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: “ஆபரேட்டரே, லென்ஸ்ல என்னமோ ஒட்டிருக்கு, தொடைங்க!” கைதட்டல் எழுந்தது. அன்றைக்கு அந்தத் தியேட்டரில் விழுந்த ஒரே கைதட்டல்.

அப்பா மட்டும் சத்தமே போடவில்லை. ரசிக்கிறார் போலும் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு கைகளையும் குழலாக மடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணை மூடினார். அதைத் திறந்து மற்றதை மூடினார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை அவருக்கு. “வலது பக்கம் எக்ஸிட் போர்டு உனக்குத் தெரியுதா?” என்று கேட்டார். தெரிகிறது என்றேன். “எனக்கும் தெரியுது” என்று நிம்மதியாக மூச்சு விட்டார். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி குழல்.

இடைவேளையில் கேண்டீன்காரர் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸ்களை அடுக்கியபடி சொன்ன விமர்சனம்தான் இன்றுவரை எனக்குப் பிடித்தது. “சார், பாட்டு வந்தாத்தான் ஜனம் எந்திரிக்கும். டீ குடிக்கும், பாத்ரூம் போகும், ஒரு முறுக்கு வாங்கும். அஞ்சு பாட்டுன்னா அஞ்சு வியாபாரம். இதுல ஒண்ணுமில்ல. அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் படமே. படம் நல்லாத்தான் இருக்கு சார், பப்ஸ்தான் ஆறிப்போச்சு.”

இந்த வருத்தம் இங்கே புதிதல்ல. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பட ஆரம்பத்திலேயே சிவாஜியைச் சுட்டுவிடுவார்கள். யார் சுட்டது என்பதுதான் மீதி. தேசிய விருதுச் சான்றிதழ் வாங்கியது, வசூல்தான் வரவில்லை. எங்கள் பாட்டி அதைப் பார்த்தவள். கொன்றது யார் என்பது அவளுக்குக் கடைசிவரை ஒரு பொருட்டாகவே இல்லை. “சிவாஜிக்குன்னு காசு குடுத்து உள்ள போறேன், உக்கார்றதுக்குள்ள சுட்டுப்புட்டானுங்க” என்பதுதான் அவள் வழக்கு.

வேகமான படத்தில் நமக்கு யோசிக்க நேரம் இருக்காது. மெதுவான படத்தில் நிறைய இருக்கிறது. அந்த நேரத்தில் இயக்குநர் கதாபாத்திரத்தின் மனசுக்குள் நம்மை அழைக்கிறார். நம்மவர்களோ கடன் பாக்கி, சர்க்கரை, பப்ஸ் என்று அவரவர் மனசுக்குள் போய்விட்டு வருகிறார்கள். மனோதத்துவப் படம் என்று இதைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

படம் முடிந்து விளக்கு போட்டார்கள். சித்தப்பா எழுந்திருக்கவில்லை.

“வாங்க சித்தப்பா, போகலாம்.”

“இருடா. ராஜா சும்மா விடமாட்டாரு. பேரெல்லாம் போட்டு முடிச்சதும் ஒண்ணு வரும் பாரு.”

துடைப்பத்தோடு ஆள் வந்து, காலைத் தூக்கச் சொன்ன பிறகுதான் நம்பிக்கை இழந்தார். ஆட்டோவில் வரும்போது, பின்னணி இசையைத் தானே வாயால் முனகிக்கொண்டு வந்தார். கேட்டபோது ஒப்புக்கொள்ளவில்லை.

ராத்திரி சாப்பிட்டதும் அப்பா ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்வீட்டு மாடியையே பார்த்தார். பிறகு மறு கண்ணைப் பொத்தினார்.

“அங்க என்னங்க பார்வை?” என்றாள் அம்மா.

“ஓரம் தெரியுதான்னு பாக்குறேன்டி.”

எதிர்வீட்டில் திரைச்சீலையைச் சரக்கென்று இழுத்து மூடினார்கள்.