ஐந்து நிமிடத்தில் ஒரு கதை

நிரல் திருவிழா, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், கல்லூரிக்குள்ளேயே நடக்கும் தொழில் யோசனைப் போட்டி என்று மேடையேறத் தயாராகும் மாணவர் குழுக்களின் கேள்விகள் இந்த வாரம்.

நடுவர்கள் தொழிலதிபர்கள், வங்கிக்காரர்கள். அவர்களிடம் போய்க் கதை சொன்னால் எடுபடுமா? கணக்குத்தானே கேட்பார்கள்?
(இயந்திரவியல் மாணவர், ஓசூர்)

கணக்குத்தான் கேட்பார்கள். ஆனால் காலையிலிருந்து வரிசையாக எல்லாக் குழுக்களின் கணக்கையும் கேட்டவருக்கு, எது யாருடையது என்பது சாப்பாட்டு வேளைக்குள் மறந்துவிடும். அந்த ரூபாய் யார் பையிலிருந்து போகிறது என்று முகத்தோடு சொல்லுங்கள், நினைவில் நிற்கும்.

தெருவோரப் பூ வியாபாரிகளுக்காக மின்சாரம் இல்லாத குளிர்ப்பெட்டி செய்திருக்கிறோம். 'இந்திய மலர்ச் சந்தையின் மதிப்பு இத்தனை ஆயிரம் கோடி' என்று தொடங்குகிறோம். மென்டார் 'இதில் கதையே இல்லை' என்கிறார். என்ன செய்யலாம்?
(நால்வர் குழு, மதுரை)

மதுரையில் இருந்துகொண்டு ஏன் இந்தியாவிலிருந்து தொடங்குகிறீர்கள்? நாளை விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போங்கள். மல்லிகையைக் கிலோ கணக்கில் வாங்கி, கட்டி, முழக்கணக்கில் விற்கிற ஓர் அக்காவிடம் அனுமதி கேட்டு, அவர் கூடையை எடுத்து வைக்கும் வரை கூடவே இருங்கள். என்ன விலைக்கு வாங்கினார், கிலோவுக்கு எத்தனை முழம் தேறியது, காலையில் முழம் என்ன விலை, பொழுது சாய்ந்து மொட்டு விரிந்த பிறகு என்ன விலை, ராத்திரி மிஞ்சியது எத்தனை முழம், அதை என்ன செய்தார்? அத்தனையும் நோட்டில் ஏற வேண்டும். பூவின் மேல் போர்த்திய ஈரத்துணியை எத்தனை தடவை நனைக்கிறார் என்பதையும் எண்ணுங்கள். உங்கள் பெட்டிக்குப் போட்டி அந்த ஈரத்துணிதான். காசே கேட்காத போட்டி. அதை எப்படி ஜெயிப்பீர்கள் என்பதைச் சொல்லாமல் ஆயிரம் கோடியைச் சொல்லிப் புண்ணியமில்லை.

பிறகு பேச்சை இப்படித் தொடங்கலாம்: 'கோயில் வாசலில் பூ விற்கிற ஓர் அக்காவோடு ஒரு நாள் முழுக்க இருந்தோம். காலையில் வாங்கிய மல்லிகைக்கு இவ்வளவு கொடுத்தார். ராத்திரி கூடையில் மிஞ்சியது இத்தனை முழம். அன்று அவர் கையை விட்டுப் போன பணம் இவ்வளவு.' இடைவெளியில் வரவேண்டிய எண்கள் உங்கள் நோட்டில் இருக்கும். அன்று பூ மிஞ்சவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லி, எந்த நாளில் மிஞ்சும் என்று அவரே சொன்னதைச் சேருங்கள்.

இரண்டாவது நிமிடத்தில் பெட்டியைத் திறங்கள். காலையில் உள்ளே வைத்த சரத்தையும் வெளியே வைத்த சரத்தையும் நடுவர் கையில் கொடுங்கள். தொட்டும் முகர்ந்தும் பார்க்கட்டும். சந்தை மதிப்பு அதற்குப் பிறகு வரலாம். அக்காவின் படத்தை ஸ்லைடில் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க நேரமில்லை. 'ராமு என்றொரு விவசாயி' என்று கற்பனையாகச் சொல்லிக்கொள்ளலாமா?
(இறுதியாண்டு மாணவர், தர்மபுரி)

வேண்டாம். 'ராமுவுக்கு எத்தனை ஏக்கர்? போன போகத்தில் என்ன போட்டார்?' என்று நடுவர் கேட்டால் உங்கள் ராமு அங்கேயே காணாமல் போய்விடுவார்.

தோற்பதைவிடப் பெரிய ஆபத்தும் இதில் இருக்கிறது. அமெரிக்காவில் எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் தெரனோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும், பரிசோதனைகள் எல்லாம் நடந்துவிடும் என்றார். ஊசி என்றால் தனக்குள்ள பயத்தையும், புற்றுநோயில் போன உறவினரையும் சொல்லிக் கேட்டவர்களை உருக வைத்தார். நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலரைத் தொட்டது. கருவி சொன்னபடி வேலை செய்யவில்லை என்பதை 2015-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிக்கொண்டு வந்தது. முதலீட்டாளர்களை ஏமாற்றிய குற்றத்துக்காக 2022-ல் அவருக்குப் பதினோரு ஆண்டுகளுக்கும் மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் தவறான ரத்தப் பரிசோதனை முடிவுகளை நம்பி வீட்டுக்குப் போன நோயாளிகள் இருந்தார்கள். கதை சொல்லக் கற்றுக்கொடுக்கிற ஒவ்வொரு வகுப்பிலும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

நேரமில்லை என்கிறீர்கள். தர்மபுரி உழவர் சந்தைக்கு ஒரு காலைப்பொழுது போதும்.

தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கிலத்தில் பிட்ச் செய்ய வேண்டும் என்று நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.
(பாலிடெக்னிக் மாணவர், அரியலூர்)

கோவை அருணாசலம் முருகானந்தம் 2012-ல் டெட் மேடையில் பேசியதை யூடியூபில் பாருங்கள். தந்தை இறந்த பிறகு பள்ளிப் படிப்பை விட்டவர். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தன் ஊர்க் குரலில் பேசினார். அரங்கம் சிரித்தது, கைதட்டியது, கூடவே வந்தது.

அவர் கதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். மாதவிடாய்க்கு மனைவி பழைய துணியை மறைத்து எடுத்துப் போகிறார். கடையில் விற்கும் நாப்கினை ஏன் வாங்கவில்லை என்று கேட்டால், அதை வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கைவைக்க வேண்டும் என்கிறார். பால் செலவு என்ற ஒன்றைக் கேட்டதும் ஒரு குடும்பத்தின் மொத்த வரவு செலவும் நமக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்து கணக்கு: பத்துப் பைசா பெறுமானமுள்ள பஞ்சு நான்கு ரூபாய்க்கு, அதாவது நாற்பது மடங்கு விலைக்குப் போகிறது. தானே மலிவாகச் செய்து பார்ப்பது என்று ஏன் இறங்கினார் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த முயற்சிக்குத்தான் 2016-ல் பத்மஸ்ரீ வந்தது.

முதலில் தமிழில் சொல்லிச் சொல்லிக் கதையை உறுதியாக்கிக்கொள்ளுங்கள். தமிழில் பிட்ச் செய்யலாமா என்று அமைப்பாளர்களிடமும் கேட்டுவிடுங்கள். கேட்காமலேயே பயந்துகொண்டிருப்பவர்கள்தான் அதிகம்.

குழுவில் நாங்கள் நான்கு பேர். ஆளுக்கொரு பங்கு பேசினால்தான் நியாயம் என்கிறாள் தோழி. சரிதானா?
(குழுத் தலைவி, நாகர்கோவில்)

நாகர்கோவிலில் இருப்பவருக்கு வில்லுப்பாட்டைத்தான் காட்டுவேன். வில்லடித்துக் கதையை நடத்துபவர் ஒருவர். குடம் ஒருவரிடம், உடுக்கை ஒருவரிடம், தாளம் ஒருவரிடம். பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார், இடையில் 'அதெப்படி?' என்று கேட்பார். கேட்கிறவர்கள் மனத்தில் எழும் கேள்வியை மேடையில் இருப்பவரே கேட்டுவிடுகிறார். வில்லிசையைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் குழுவில் அவர் குடும்பத்தாரே உடனிருந்து பாடியவர்கள். கதை அவரிடம், உயிர் எல்லோரிடமும்.

ஐந்து நிமிடத்தை நான்காகக் கிழித்தால் மைக் கைமாறுவதைத்தான் நடுவர்கள் பார்ப்பார்கள். ஒருவரோ இருவரோ கதையை நடத்தட்டும். இன்னொருவர் டெமோ காட்டட்டும். செலவுக் கேள்வி வந்தால் கணக்கு போட்டவர் பதில் சொல்லட்டும். ஒத்திகையின்போது மட்டும் ஒருவரை நடுவர் நாற்காலியில் உட்காரவைத்து, புரியாத இடத்திலெல்லாம் 'அதெப்படி?' என்று நிறுத்தச் சொல்லுங்கள். எங்கே நிறுத்துகிறாரோ அங்கே திருத்தம் தேவை.

எத்தனை ஸ்லைடு?
(கணினி அறிவியல் மாணவி, சேலம்)

பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், எழுத்து முப்பது பாயின்ட்டுக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி சொன்ன கணக்கு. உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் என்றால் ஸ்லைடைப் பாதியாக்குங்கள், எழுத்தைச் சிறிதாக்காதீர்கள்.

என் அப்பா தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார். சூரிய ஒளியில் சூடேறும் இஸ்திரிப்பெட்டி என்ற யோசனை அதிலிருந்துதான் வந்தது. மேடையில் அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
(முதலாம் ஆண்டு மாணவி, வேலூர்)

உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர், இஸ்திரிக்காரர் ஒருவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்து, சூரிய ஒளி இஸ்திரி வண்டியை வடிவமைத்த மாணவி. 2021-ல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்றை எட்டினார். அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

அவர் வெளியே நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் வீட்டிலிருந்தே அறிந்தவர். ஒரு மூட்டைக் கரி எத்தனை நாளைக்கு வரும், மழைக்காலத்தில் அது ஈரமானால் என்ன பாடு, சாயங்காலம் அப்பாவின் தோள் எப்படி வலிக்கும் என்பதெல்லாம் எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காது. 'இது ஏற்கெனவே இருக்கிறதே, உங்களுடையதில் என்ன புதிது?' என்று நிச்சயம் கேட்பார்கள். பதில் உங்கள் அப்பாவிடம்தான் கிடைக்கும். அவரிடம் சம்மதம் கேளுங்கள், முடிந்தால் பெட்டியை அவர் கையில் கொடுத்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். மேடையில் அவரைப் பரிதாபத்துக்குரியவராகக் காட்ட வேண்டாம். வெப்பம் எவ்வளவு இருந்தால் பருத்தி, எவ்வளவு இருந்தால் பட்டு என்று கை வைத்துப் பார்த்தே சொல்லக்கூடிய ஒரு தொழில்காரராகக் காட்டுங்கள். அவர் அப்படிப்பட்டவர்தானே!

'கதை பிரமாதம், வியாபாரம் எங்கே?' என்று கேட்டு எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.
(குழு, ஈரோடு)

காசு கொடுப்பவர் உங்கள் கதைக்குள் வரவில்லை. ஏர்பிஎன்பி தொடங்கியவர்களின் கதையைப் பாருங்கள். 2007-ல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்கத் திணறிய இரண்டு நண்பர்கள். ஊரில் வடிவமைப்பாளர் மாநாடு, ஹோட்டல்களில் இடமில்லை. வீட்டுக்குள் காற்று மெத்தைகளைப் போட்டு வாடகைக்கு விட்டார்கள், மூன்று பேர் வந்து தங்கினார்கள், ஆளுக்கு இரவுக்கு 80 டாலர். கதையைச் சொல்லி முடிக்கும்போதே யார், எதற்காக, எவ்வளவு கொடுத்தார்கள் என்பதும் சொல்லியாகிவிட்டது. உங்கள் கதையில் முதல் பில் எந்த நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். மூன்றாவது நிமிடத்துக்குள் வரட்டும்.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?
(மாணவர், காரைக்குடி)

'தெரியவில்லை சார், யாரிடம் கேட்டால் தெரியும் என்பது தெரியும்' என்று சொல்லி, அந்த யாரையும் சொல்லுங்கள்.

முடிக்கும்போது என்ன சொல்வது? 'நன்றி, வணக்கம்' போதுமா?
(இரண்டாம் ஆண்டு மாணவி, தூத்துக்குடி)

அதற்கு முந்தின வரியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், எப்போது என்ன காட்டுவீர்கள்? 'பத்துப் பெட்டிகள் செய்ய இவ்வளவு ரூபாய் தேவை. மூன்று மாதம் பத்துக் கடைகளில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்ததையும் செய்யாததையும் எழுத்தில் கொண்டுவந்து தருவோம்' என்று நடுவர் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். கேட்டுவிட்டு நன்றி சொல்லுங்கள்.