நாட்றம்பள்ளிக்கு ஒரு பகை வேண்டும்

நெடுஞ்சாலை வந்துவிட்டது, 2019இல் திருப்பத்தூர் தனி மாவட்டமும் ஆகிவிட்டது. நாட்றம்பள்ளிப் பக்கம் இன்னும் வாய்க்காதது உருப்படியான ஒரு பகைதான். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். சென். ஜோன்ஸ் கல்லூரியும் மத்திய கல்லூரியும் (பெயரில்தான் கல்லூரி, இரண்டுமே பள்ளிக்கூடங்கள்) 1904இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டத்துக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்றே பெயர். டொராண்டோவில் பேரன் எடுத்தவர்கூட விமானம் ஏறி வந்து, பள்ளிப் பையன் ஒருவன் கோட்டைவிட்ட கேட்சுக்காக மூன்று நாள் தொண்டை கிழியக் கத்துகிறார். கல்வியின் பயன் வேறென்ன?

நமக்கு என்ன குறை? வாணியம்பாடியில் 1919 முதல் இஸ்லாமியாக் கல்லூரி, திருப்பத்தூரில் 1951 முதல் தூய நெஞ்சக் கல்லூரி. பந்துக்குத் தோலா கிடைக்காது? படிப்பு கெடும் என்பார்கள். அல்ஜீப்ரா மறந்த முன்னாள் மாணவருக்கும் பழைய ஸ்கோர் மறப்பதில்லையே, எது நல்ல பாடம்? விளையாட்டுக்குப் போர் என்று பெயரிடலாமா என்றும் கேட்பார்கள். 26 ஆண்டு நிஜப் போரைப் பார்த்த ஊரே அந்தப் பெயரை மாற்றவில்லை. அங்கே டிராவுக்கு இடமிருந்தது இந்தப் போரில் மட்டும்தான்.