கைப்பிடி அரிசிக்கு ஒரு க்யூ.ஆர். கோடு

டிசம்பர் பிறந்ததும் எங்கள் சென்னை சபையின் வாட்ஸ்அப் குழுவில் அட்டவணை வந்துவிடும். கேரல் குழு எந்தத் தேதியில், எந்த அடுக்குமாடிக்கு, எத்தனை மணிக்கு வரும் என்று. வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், ஆளுக்கொரு கேக் துண்டு, கடைசியில் ஒரு போட்டோ. முந்தைய வீட்டில் தாமதமாகிவிட்டால் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளும்படி கீழே அன்பான வேண்டுகோளும் இருக்கும். கேக்கைச் சுருக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை.

எங்கள் ஊர் மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கம், செம்மண் தேரிக்காட்டு ஓரம். மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடி கோபுரம் தெரிந்தால் ஊர் வந்துவிட்டது என்று பஸ்ஸில் எழுந்து நிற்போம். அங்கே கிறிஸ்மஸ் வாரத்தில் விடியற்காலம் நான்கு மணிக்குப் பஜனை கிளம்பும். முன்னால் பெட்ரோமாக்ஸ், நடுவில் ஆர்மோனியமும் டோலக்கும், பின்னால் போர்வையைத் தலையோடு மூடிய நாங்கள். நேரம் குறித்துக் கொடுக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. தூங்குகிறவர்களை எழுப்புவதுதான் திட்டமே. கதவு திறக்காத வீட்டின் முன்னால் இன்னொரு சரணம் கூடும். அப்போதும் திறக்காவிட்டால் டோலக்குக்காரர் தன் முழுத் திறமையையும் காட்டுவார். கூடவே பிளாஸ்டிக் முகமூடி போட்ட கிறிஸ்மஸ் தாத்தா. சமாதானப் பிரபு பிறந்த செய்தியைச் சொல்ல வந்தவரைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகளில் பாதி அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடும்.

அந்தக் காலத்தில்தான் பக்தி இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆர்மோனியம் யார் கையில் என்பதில் இரண்டு குடும்பம் வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாமல் இருந்தது எனக்குத் தெரியும். பஜனை உண்டியல் கணக்கு ஒரு வருஷம்கூடச் சண்டையில்லாமல் முடிந்ததில்லை. ஒரே நற்கருணையில் பங்கெடுத்தவர்களைச் சாதி பார்த்து வேறு வேறு கல்லறைத் தோட்டத்தில் புதைத்த சபைகளும் தமிழ்நாட்டில் உண்டு. பழசையெல்லாம் பரிசுத்தமாக்குவது நம் வயதுக்காரர்களின் பொழுதுபோக்கு. எனக்கு அதற்கும் நேரமில்லை.

நேரம் என்றதும் ஆச்சியைச் சொல்ல வேண்டும். தாத்தா பனையேறி. பருவம் தொடங்கிவிட்டால் காலையிலும் சாயங்காலமும் மரமேறிப் பாளை சீவியாக வேண்டும். விட்டால் சுரப்பு நின்றுபோகும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கும் பதநீரையும் வெயில் ஏறுவதற்குள் காய்ச்சியாக வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். காய்ச்சுவது ஆச்சி. விறகு பொறுக்குவது, கருப்பட்டி ஊற்றுவது, சந்தைக்கு அனுப்புவது, நடுவில் எங்களுக்குச் சோறு, எல்லாம் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சபை ஐயர் ஓய்வுநாள் கட்டளையை விளக்கிப் பிரசங்கம் செய்வார். பனைமரத்துக்கு அதைப் படித்துக்காட்டியவர் யாருமில்லாததால், ஆச்சி ஆமென் சொன்ன கையோடு அடுப்படிக்கு ஓடுவாள். கிறிஸ்மஸ் காலத்தில் மரமேற்றம் கிடையாது. ஆனால் முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம் என்று ராமுழுக்க எண்ணெய்ச் சட்டிமுன் உட்கார்ந்துவிட்டு, காலை ஆராதனையில் கடைசி வரிசைத் தூணில் சாய்ந்து நன்றாகத் தூங்குவாள். மாட்டுக்கொட்டிலில் பிள்ளை பெற்றவள் அன்றைக்கு என்ன செய்திருப்பாள், அவளும் தூங்கித்தான் இருப்பாள் என்பது ஆச்சியின் வேத வியாக்கியானம்.

இத்தனைக்கும் நடுவில் கைப்பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கை அள்ளித் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவருக்கு. "ஏட்டி, கையைக் கழுவிட்டு எடு. நெறைய எடு, ஒன் கை சின்னக் கை" என்பாள் என்னிடம். கண்ணை மூடுவதோ முழங்காலில் நிற்பதோ கிடையாது. ஒரு கை அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும், மறு கை காணிக்கை போட்டுக்கொண்டிருக்கும். விருந்தாள் வந்து அரிசி பற்றாத அன்றும் எடுப்பாள். அன்றைக்கு அவள் கஞ்சி கொஞ்சம் தண்ணியாக இருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அந்த அரிசியை ஆலயத்தில் கொண்டு கொட்டுவார்கள். அதிலிருந்து மிஷனுக்குப் பணம் போகும். எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணம், இந்தியர் ஆட்கள் என்று முடிவு செய்திருந்தார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாமென்றால் வேறு யார் பணம்? பனங்காட்டுப் பெண்களின் கைப்பிடிகளும் அதில் உண்டு. அந்தச் சங்கம் ஊழியம் செய்யப் போனது நிஜாம் சீமையின் தோர்ணக்கல்லுக்கு. 1912-இல், கிறிஸ்மஸ் முடிந்த நாலாம் நாள், அசரியா கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர். ஆச்சிக்கு தோர்ணக்கல் எந்தத் திசை என்று தெரியாது. கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம் என்பதோடு விட்டுவிட்டாள்.

ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஏலம். அரிசி மட்டுமல்ல, காணிக்கையாக வந்த கோழி, முட்டை, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் ஏலத்துக்கு வரும். மிளகாய் மண்டிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் ஒரே ஒரு முட்டைக்கு மோதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். முட்டைக்கு அந்த விலையை எந்தக் கோழியும் கனவு கண்டிருக்காது. வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்ற போதனையை உள்ளே கேட்டுவிட்டு, வெளியே ஊருக்கே தெரியும்படி கூவினார்கள். மிஷனுக்குப் பணம் சேர்ந்தது.

இப்போது என் கதை. நான் வேலை பார்க்கும் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் அமெரிக்காவில். கிறிஸ்மஸுக்கு அவர்கள் லீவு. அவர்கள் ஆபீஸில் ஆளில்லாத நேரம்தான் புது மென்பொருளை ஏற்றத் தோதான நேரம். ஏற்றுவது நாங்கள். அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு நிம்மதியாகப் பண்டிகை கொண்டாட, இங்கே ஒரு கிறிஸ்தவப் பெண் கண்விழிக்கிறாள். ஆபீஸ் வரவேற்பறையில் கூரையைத் தொடும் கிறிஸ்மஸ் மரம், அடியில் காலி அட்டைப் பெட்டிகளைச் சுற்றிய பரிசுகள். பணியாளர் நலப் பிரிவிலிருந்து வாழ்த்து வரும். அதற்கடுத்த மின்னஞ்சலில் 24 இரவு யார் யார் டூட்டி என்ற பட்டியல்.

போன வருஷம் கிறிஸ்மஸ் ஆராதனை எனக்கு மடிக்கணினியின் வலதுபக்கம் நேரலையாக நடந்தது, இடதுபக்கம் சர்வர். பிரசங்கத்தை மறுநாள் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடித்தேன். போதகரின் குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தாலும் கருத்து சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. நற்கருணையை வேகமாக ஓட்டத்தான் இன்னும் வழி வரவில்லை. காலை ஆறு மணிக்கு ஜெபிக்கச் சொல்லிப் போனில் ஒரு செயலி மணியடிக்கும். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்துவேன். அதற்குப் பொறுமை அதிகம். இரவு வரை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியம் கைப்பிடி அரிசியை மீட்டெடுத்திருக்கிறது. அரிசியில்லாமல். அறிவிப்புப் பலகையில் ஒரு க்யூ.ஆர். கோடு, மேலே 'கைப்பிடி அரிசி' என்று எழுத்து, ஓரத்தில் மண்கலயம் படம். நான் ஆட்டோபே போட்டுவிட்டேன். மாதம் ஐந்தாம் தேதி, நான் மீட்டிங்கில் இருந்தாலும் தூக்கத்தில் இருந்தாலும், என் விசுவாசம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. எனக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் வரும்.

அட்வென்ட்டுக்கு ஊரிலிருந்து வந்த அம்மாவிடம் இதைப் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்லதும்மா" என்றாள். மறுநாளிலிருந்து குக்கரில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கை எடுத்துப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட ஆரம்பித்தாள். பாட்டில் நிறைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அலுவலகத்திலிருந்த தம்பி மரியாதையாக எழுந்து நின்றார். "அரிசியா வாங்குறதில்லம்மா. ரசீது போட முடியாது. ஜிபே பண்ணிடுங்களேன்."

வீட்டுக்கு வந்து பாட்டிலைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்து, "சரி, ஏலம் போட்டுர வேண்டியதுதான்" என்றாள் அம்மா. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஐம்பது என்றார். நான் நூறு. என் மகள் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்நூறு என்றாள். அது என் பணம் என்பது அவளுக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுநூறு, எழுநூறு. அம்மா தோசைக்கரண்டியை மேஜையில் தட்டினாள், "ஒருதரம், ரெண்டுதரம்." கடைசியில் ஆயிரத்து இருநூறுக்கு என் தலையில் விழுந்தது. பணம் ஆலயத்து க்யூ.ஆர். கோடுக்குப் போனது. ஆலயம் அரிசிக்கு ரசீது போடாவிட்டாலும் வங்கி போட்டது.

அன்றைக்கே அந்த அரிசியைப் பொங்கலாம் என்று முறத்தில் கொட்டினேன். முக்கால்வாசி வண்டு.

"அம்மா, இதுக்கா ஆயிரத்து எரநூறு?"

"ஏலத்துல எடுத்த சரக்கைத் திருப்ப முடியாதுட்டி" என்று சொல்லிவிட்டு அம்மா கருப்பட்டிக் காப்பி போடப் போனாள்.