பாகற்காய்க்கு விசா

ஒகினாவா, ஜப்பானின் தென்கோடித் தீவுகள். 1879 வரை ரியூக்கியூ என்ற தனி அரசு. அங்கே சுற்றுலா போகும் தமிழர் உணவகத்தில் உட்கார்ந்ததும் தேடுவது 'கோயா சம்புரு'. கோயா வேறொன்றுமில்லை, பாகற்காய். டோஃபு, முட்டை, பன்றிக்கறியோடு வதக்கியிருப்பார்கள். பின்னாலேயே 'கொகுதோ' வரும். கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்தது, நம் வெல்லத்துக்குச் சித்தப்பா மகன். வீட்டில் பாகற்காயைக் கண்டதும் தட்டைத் தள்ளியவர், அங்கே அதைப் படமெடுத்து 'நீண்ட ஆயுளின் ரகசியம்' என்று ஊருக்கு அனுப்புகிறார்.

இத்தனைக்கும் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சேர்வராயன் மலையில் ஏற்காடு, பக்கத்தில் வெள்ளக்கடை கிராமம். காப்பி, மிளகு, ஆரஞ்சு. மலையாளிப் பழங்குடியினர் விளைவிக்கும் சாமை, ராகி. ஒகினாவாவைப் போலக் கடல் எங்கே என்பீர்கள். நியாயம்தான், மலையில் யாரும் சுஷி கேட்கக் கூடாது. ஜப்பானியரின் பரிமாறும் நேர்த்தி வருமா என்றால், அது இன்னும் வலுவான வாதம். ஆனால் அந்த நேர்த்தியின் பாதி, தன் ஊர்ச் சரக்கைக் கூசாமல் பெயர் சொல்லி மேசைக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது. ஐந்துக்கு 'கோ', எட்டுக்கு 'யா' என்று கணக்குப் போட்டு, மே 8-ஐப் பாகற்காய் நாளாகவே ஆக்கிவிட்டார்கள். ஏற்காட்டுக் கோடை விழாவும் பெரும்பாலும் மே மாதம்தான்; சாமைக்கென்று அதில் ஒரு நாள் ஒதுக்கலாம். மலை விடுதிகளின் மெனு கார்டோ கோபி மஞ்சூரியனில் ஆரம்பிக்கிறது. அடுத்த முறை மேலே போகும்போது, சாமைச் சோறு இருக்கிறதா என்று சத்தமாகவே கேட்டுப் பாருங்கள்.