சட்டம் யாரைக் கேட்டு மாறுகிறது?

கொலையும் திருட்டும் என்றைக்குமே குற்றம்தானே? பிறகு ஏன் தண்டனைச் சட்டத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்?
– ஒரு வாசகி, தேனி

கொலை மாறவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் (இ.பி.கோ.) 302-ஆவது பிரிவு, இப்போதைய புதுச் சட்டத்தில் 103. அவ்வளவுதான். மாறுவதெல்லாம் வேறு: யாருக்கு நடந்தால் குற்றம், யார் சொன்னால் நம்புவது என்பவைதான் மாறுகின்றன. 1860-இல் இ.பி.கோ. வந்தபோது, மனைவிக்குப் பத்து வயது ஆகிவிட்டால் உடலுறவில் கணவன் வைத்ததுதான் சட்டம். 1890-இல் கல்கத்தாவில் ஒரு சிறுமி கணவனால் உயிரிழந்தாள். மறு ஆண்டே அந்த வயது 12 ஆயிற்று. பிறகு 13, 15 என்று ஏறி, உச்ச நீதிமன்றம் தலையிட்ட 2017-இல்தான் 18-ஐத் தொட்டது. பத்திலிருந்து பதினெட்டுக்கு வர 157 ஆண்டுகள்!

தெருவில் இறங்கிக் கத்தினால் சட்டம் மாறுமா சார்?
– சட்டக்கல்லூரி மாணவர், மதுரை

மாறியிருக்கிறது தம்பி. மதுரா வழக்கைத் தேடிப் படியுங்கள். 1972, மகாராஷ்டிரத்தில் ஒரு காவல் நிலையம். புகார் விஷயமாக வந்த மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியை இரண்டு போலீஸ்காரர்கள் சீரழித்தார்கள். உயர் நீதிமன்றம் தண்டித்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. உடம்பில் காயம் இல்லை, அதனால் அவள் சம்மதித்திருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. ராத்திரி நேரம், காவல் நிலையம், எதிரே காக்கிச் சட்டை. அந்தப் பிள்ளை எங்கே போய்ப் போராடிக் காயம் வாங்குவாள்?

1979-இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். தீர்ப்பு மாறவில்லை, சட்டம் மாறியது. 1983 திருத்தத்தின்படி, காவலில் நடக்கும் வன்கொடுமையில் "நான் சம்மதிக்கவில்லை" என்று பெண் கோர்ட்டில் சொன்னால், நீதிபதி அதை ஏற்றுக்கொண்டுதான் விசாரணையைத் தொடர வேண்டும். அதைப் பொய் என்று காட்டும் பாரம் எதிராளியின் தலையில். மதுராவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

420-க்கு இப்போது என்ன நம்பர்?
– மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

318. 2024 ஜூலை 1 முதல். ஏமாற்றுகிறவர்களுக்கு இடைவேளை எதுவும் கிடைக்கவில்லை.

பிறந்ததே குற்றம் என்று ஒரு சட்டம் இருந்ததாமே?
– பள்ளி ஆசிரியை, உசிலம்பட்டி

உங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்பார்களே, அதுதான். 1871-இன் குற்றப் பரம்பரைச் சட்டம். ஒரு சாதியில் பிறந்தால் போதும். கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணெதிரே படுக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் 1948-லேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு சட்டத்தை ரத்து செய்தார்கள் என்ற செய்தியைப் படித்தால், அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள் டீச்சர்.

இன்று ஒரு புதுச் சட்டம் வந்தால், நேற்றுச் செய்ததற்கு என்னைப் பிடிப்பார்களா?
– ஆட்டோ ஓட்டுநர், சேலம்

முடியாது. அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவு உங்களுக்குக் காவல். செய்த நாளில் எது குற்றமோ அதற்கு மட்டும்தான் தண்டனை, அதுவும் அன்றைய அளவுக்கு மேல் போகாது.

சட்டம் செத்துப்போனாலும் போலீஸ் விடாதாமே?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ஐ.டி. சட்டத்தின் 66ஏ-வைச் சொல்கிறீர்கள். இணையத்தில் மனம் நோக எழுதினாலே மூன்று வருஷம் உள்ளே போகலாம் என்ற அந்தப் பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2021-இலும் அதன்படி வழக்குகள் பதிவாவது கண்டு அதே நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது. தீர்ப்பு டெல்லியிலிருந்து ஸ்டேஷன் ரைட்டரின் மேஜைக்கு வந்து சேர ஆறு வருஷம் போதவில்லை.

தற்கொலை முயற்சி இப்போது குற்றமில்லையா?
– செவிலியர், திருநெல்வேலி

பழைய 309 புதுச் சட்டத்தில் இல்லை. சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியவருக்கு வேண்டியது மருத்துவரும் ஆறுதலும்தான் என்பதை 2017-இன் மனநலச் சட்டமே ஏற்றுக்கொண்டது. ஆனால் 226 என்று ஒன்று மிச்சமிருக்கிறது. அரசு ஊழியரைத் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, நிர்ப்பந்திக்கவோ உயிரை மாய்க்க முயன்றால் ஒரு வருஷம் வரை சிறை. கந்துவட்டியில் நொந்து, மனு கொடுத்துக் கொடுத்து அலுத்து, கடைசியில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உயிரை விடத் துணிகிறவர்களை உங்கள் ஊர் பார்த்திருக்கிறது. அவர்களைப் பிடிக்கவும் இந்தப் பிரிவு போதும். இதை எடுத்துவிட வேண்டும் என்பேன்.

அடுத்து எது மாற வேண்டும்?
– ஒரு வாசகர், விழுப்புரம்

இ.பி.கோ.வின் 377-ஐ 2018-இல் உச்ச நீதிமன்றம் சரியாகத்தான் வெட்டியது: வயது வந்த, மனமொத்த இருவரின் உறவு, ஒரே பாலினமானாலும், குற்றமில்லை, வன்முறை குற்றமாகவே நீடிக்கும். புதுச் சட்டம் எழுதியவர்கள் அந்த மிச்சத்தையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். இப்போது வயது வந்த ஓர் ஆண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால், அதற்கென்று பிரிவே கிடையாது. காயம் ஏற்படுத்தியது, அடைத்துவைத்தது என்று எதையாவது ஒட்டவைத்துத்தான் வழக்குப் போட வேண்டும். பெண்ணுக்கு நடந்தால் குறைந்தது பத்து வருஷம். அதுவே திருநங்கைக்கு நடந்தால், 2019-இன் தனிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் இரண்டே வருஷம். கூவாகம் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? சித்திரையில் அங்கே கூடுகிற திருநங்கைகளிடம் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றிக் கேளுங்கள். கேட்டதை உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்.