மாசம் முப்பது வட்டிக்கு மாமன் சொல்ற யோசனை

போடு மாப்ள, தாராளமா போடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல நைட் ஷிப்ட் பாத்து சேத்த துட்டு. ஒரு லட்சம் கட்டுனா மாசம் முப்பதாயிரம் வட்டின்னு ஒருத்தன் சொல்றப்ப, தடுக்க நான் யாரு? திருப்பாச்சூர்ல மாடு மேய்ச்ச கெழவன். கணக்கு மட்டும் கொஞ்சம் வரும்.

அந்தக் கணக்கத்தான் போட்டுப் பாத்தேன். வட்டிய எடுக்காம அசலோட சேத்துகினே வந்தா, உன் ஒரு லட்சம் வருசம் திரும்பறப்ப 23 லட்சம். ரெண்டாம் வருசம் 5 கோடிக்கு மேல. மூணாம் வருசம் 126 கோடி. நாலாம் வருசம் முடியறப்ப 2,900 கோடி தாண்டிடும். அப்புறம் உன் மொதலாளிக்கு நீ நைட் ஷிப்ட் போடலாம்.

அமைந்தகரையில ஆபீஸ் வெச்சிருந்த ஆருத்ரா கோல்டு கம்பெனிய மறந்துட்டியா? மாசம் 25, 30 வட்டின்னு ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேர்கிட்ட 2,438 கோடி வாங்குனதா போலீஸ் கேஸ். 2022 மே மாசம் ரெய்டு. அந்த வித்த நெஜமா இருந்தா, கம்பெனிக்காரன் தன் வீட்டு ஒரு லட்சத்த போட்டுட்டு நாலு வருசம் சும்மா குந்தியிருந்தாலே அதவிட ஜாஸ்தி சேந்திருக்குமே! ஒரு லட்சம் பேரோட வாசப்படி எதுக்கு?

இதெல்லாம் உனக்குத் தெரியாதுன்னா சொல்றேன்? நல்லாத் தெரியும். ஏமாந்தவன்லாம் முட்டாள்னு ஊர் பேசுது. முட்டாளுக்கு பயம் ஜாஸ்தி, துட்ட வெளிய எடுக்கவே மாட்டான். இதுல உழறவன் கெட்டிக்காரன். 'என்னிக்காவது கவுரும், அதுக்குள்ள நாம எடுத்துகினு வந்துடலாம்'னு நெனைக்கிறவன். அந்த லட்சம் பேர்ல எவ்ளோ பேரு அப்படி நெனச்சாங்களோ, எங்க ஊரு கோயில் வாசீஸ்வரருக்குத்தான் வெளிச்சம்.

1920ல அமெரிக்காவுல போஸ்டன் ஊர்ல சார்லஸ் போன்சின்னு ஒருத்தன், 45 நாள்ல 50 வட்டின்னான். தபால் கூப்பன் யாவாரம்னு சொன்னான். நம்ம பக்கம் 1998ல அனுபவ் தேக்கு மரம், 2012ல பெருந்துறை ஈமு கோழி, அப்புறம் தங்கம். சரக்குதான் மாறுது. போன்சி சூத்திரம் ஒண்ணுதான்: பின்னாடி வந்தவன் அசல எடுத்து முன்னாடி வந்தவனுக்கு வட்டின்னு குடுக்கறது.

அப்போ மொத ரெண்டு மாசம் உன் கைக்கு வரப்போற அறுபதாயிரம் யாரு துட்டு மாப்ள? எவனோ ரிட்டயரான வாத்தியாரோட பி.எஃப். பணம். தெரிஞ்சே வாங்கிகினு, அதுக்கு 'முதலீடு'ன்னு பேரு வெச்சுக்க. நீ மட்டும் இல்ல. டொனால்ட் கிரெஸ்ஸின்னு ஒரு அமெரிக்காக்காரரு, பணத்துல கை வெச்சு ஜெயிலுக்குப் போனவங்ககிட்ட பேசி 1953ல புத்தகம் போட்டாராம். என் பேத்தி காலேஜ்ல படிச்சுட்டு வந்து சொன்னா. அதுல பலபேரு திருடறோம்னு நெனச்சு கை வெக்கல. 'கைமாத்துதான், திருப்பி வெச்சுடலாம்'னு மனச சரிக்கட்டிகினு எடுத்தவங்க. அவங்களுக்கு கைமாத்து, உனக்கு முதலீடு.

டெபாசிட் வாங்கற நிதி கம்பெனி வருசத்துக்கே 12.5 சதவீதத்துக்கு மேல வட்டி தரக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்கு வரம்பு கட்டியிருக்கு. கம்பெனி கவுந்தா கேக்க 1997ல வந்த டெபாசிட்தாரர் சட்டமும் இருக்கு. பொருளாதாரக் குற்றப் பிரிவுல மனு குடுக்கலாம், லைன்ல நிக்கலாம், வாய்தாவுக்கு வாய்தா போயிட்டு வரலாம். உனக்குத்தான் நைட் ஷிப்ட், பகல்ல சும்மாதான இருப்ப.

ஆள் சேத்துவுட்டா கமிஷன் வேறயாமே? மொத ஆளா உங்கம்மாவ சேரு. 'எம்மா, இது கவுந்துடும், ஆனா வேற யாரு துட்டோ போறதுக்குள்ள நம்ம துட்ட எடுத்துடலாம்'னு வெளிப்படையாவே சொல்லு. அவ தொடப்பக்கட்டைய எடுத்தா என் வீட்டாண்ட ஓடி வராத. நான் அவளுக்கு அண்ணன், இங்க ரெண்டு தொடப்பம் இருக்கு.