பாப்-அப் வரும்வரை லாரி நிற்கும்

ஏலக்காய் ஏலத்தையே கணினியில் நடத்தும் ஊர் போடிநாயக்கனூர். அங்கே சரக்கு கிளம்புவது மட்டும் பாப்-அப் கையில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்ட, 2018 ஏப்ரல் முதல் இ-வே பில் கட்டாயம். தார்ப்பாய் கட்டியாயிற்று, டிரைவருக்கு இரண்டாவது டீயும் ஆயிற்று. உள்ளே கணக்குப்பிள்ளை பிரிண்ட்டை அழுத்துகிறார், ஒன்றும் வரக்காணோம். முகவரிப் பட்டையின் ஓரத்தில், பாப்-அப்பைத் தடுத்ததற்கு அடையாளமாக, சின்னதாக ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் சாதுவாக நிற்கிறது.

சிஸ்டம் தம்பி வருகிறார். "எல்லாத்தையும் அலோ பண்ணிட்டேண்ணே!" பண்ணிவிட்டார்தான். மறுநாள் முதல் பில்லோடு, முதலாளிக்குப் பரிசாக விழுந்த ஐபோனும் திரையில் குதிக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் அடைக்கிறார். லாரி மறுபடி நிற்கிறது. கடையில் எத்தனை கணினியோ, அத்தனைக்கும் இதே திருவிளையாடல்.

பாப்-அப் விளம்பரத்துக்கு நிரல் எழுதிய ஈதன் சக்கர்மன் 2014-லேயே மன்னிப்புக் கேட்டுவிட்டார். 'தடுப்பானை அணைக்கவும்' என்று அறிவிப்பு ஒட்டும் நம் தளங்களுக்கு அந்தச் சேதி இன்னும் மலையேறி வரவில்லை.

முதலாளிமார்களே, குரோமிலும் எட்ஜிலும் வேண்டிய தள முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம். அலுவலகக் கணினிகள் ஒரே டொமைனில் இருந்தால், குரூப் பாலிசியில் ஒருமுறை எழுதினால் போதும். தம்பியிடம் சொல்லிவையுங்கள்.